குங்குமப்பூ பூக்கும் ஊரில் மூன்று இரவு: கொன்சுவெக்ராவுக்குப் போக நினைப்பவர்களுக்கு

கொழும்பில் எந்தப் பலசரக்குக் கடையில் போய் "சஃப்ரன்" என்று கேட்டாலும் மஞ்சள் தூளைத்தான் எடுத்துத் தருவார்கள். பக்கெட்டிலும் அப்படியே அச்சடித்திருக்கும், நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான சஃப்ரன் என்பது குங்குமப்பூ. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பாலில் போட்டுக் கொடுக்க, கல்யாண வீட்டுப் புரியாணிக்கு மேலே தெளிக்க என்று யாராவது டுபாயிலிருந்து வரும்போது கொண்டுவருகிற அந்தச் சின்னப் பெட்டி. அது வயலில் பூத்துக் கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் நான் ஸ்பெயினின் கொன்சுவெக்ராவுக்குப் போனேன். பிறகு இன்னொரு தடவையும் போனேன். வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் பலர் விவரம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

மட்ரிட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர், தொலேதோ மாகாணம், லா மாஞ்சா என்கிற பெரிய சமவெளி. ஊரில் பத்தாயிரம் பேர் அளவில் இருப்பார்கள். வெள்ளையடித்த தாழ்வான வீடுகள், சுற்றிலும் கோதுமை, பார்லி, திராட்சை, ஒலிவ், நடுநடுவே கைக்குட்டை விரித்த மாதிரி சின்னச் சின்னக் குங்குமப்பூ வயல்கள். ஊருக்குப் பின்னால் நீளமான ஒரு மொட்டைக் குன்று, அதன் முதுகில் வரிசையாக 12 காற்றாலைகள், நடுவில் ஒரு கோட்டை. அவ்வளவுதான் ஊர். அரண்மனை, அருங்காட்சியகம் என்று பட்டியல் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு மட்ரிட்டும் தொலேதோவுமே போதும்.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் சுற்றுலா பஸ்ஸில் நேராகக் குன்றின் மேலே போய், காற்றாலையோடு நின்று படம் எடுத்துவிட்டு, ஊருக்குள் கால் வைக்காமலே திரும்புகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த ஊரின் உயிர் விடியற்காலையிலும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும்தான் தெரியும், அந்த இரண்டு நேரத்திலும் அங்கே இருக்க வேண்டுமென்றால் தங்கத்தான் வேண்டும். ஒரு இரவு போதாது, இரண்டு பரவாயில்லை, மூன்று என்றால் மூன்றாவது நாள் காலையில் பேக்கரிக்காரி உங்களைப் பார்த்துத் தலையாட்டுவார்.

எப்போது போவது என்பதில்தான் கவனம் வேண்டும். குங்குமப்பூ ஒக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் தொடக்கம் வரைக்கும்தான் பூக்கும், அந்த வாரங்களுக்குள்ளும் பூ கொட்டுகிற நாட்கள் சிலதான். ஒக்டோபர் கடைசி வார இறுதியில் ஊரில் குங்குமப்பூத் திருவிழா நடக்கும், 1963 முதல் நடத்தி வருகிறார்கள். திருவிழா பார்க்க ஆசை என்றால் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பிடியுங்கள். என்னைக் கேட்டால் திருவிழாவுக்கு மூன்று நான்கு நாள் முன்பே போய்விடுங்கள், அப்போது வேலை நடந்துகொண்டிருக்கும், கூட்டம் இருக்காது. ஜூலை, ஓகஸ்ட் வேண்டவே வேண்டாம், வெயில் 40 பாகையை நெருங்கும், நிழலுக்கு ஒதுங்க மரம்கூடக் குறைவு. நம்முடைய வெயில் போல வியர்க்க வைக்காது, உதடு வெடிக்க வைக்கும்.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். ஐரோப்பாவில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலை 3 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அது சரியாகத் திருவிழா ஞாயிறில் வந்து விழும். போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. அன்றைக்கு பஸ் ஏறுகிறவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கோல் எடுக்கிற நேரமும் மாறும், அதுவரை கொழும்புக்கும் அங்கேக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம், அன்றிலிருந்து நாலரை. இன்னொன்று, நமக்கு வருடம் முழுக்க ஆறு மணிக்கு விடிந்துவிடும். அங்கே ஒக்டோபர் கடைசியில், கடிகாரம் மாற்றும் முன், எட்டரைக்குத்தான் சூரியன் வரும். ஆறு மணிக்கு எழும்பி ஜன்னலைத் திறந்து பார்த்தால் நடு இரவு மாதிரி இருக்கும்.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷெங்கன் விசா வேண்டும். ஸ்பெயினுக்குக் கொழும்பில் முழுத் தூதரகம் கிடையாது, புதுடில்லியில் இருப்பதுதான் இலங்கையையும் சேர்த்துப் பார்க்கிறது. அதனால் விண்ணப்பம் எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதை அந்தத் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் நேரடியாகப் பாருங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், ஆகக் குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்திருக்க வேண்டும், ஆனால் 15 நாளை நம்பி இருக்காதீர்கள், இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். நீங்கள் அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூனில் கூட்டினார்கள். கட்டுநாயக்கவிலிருந்து மட்ரிட்டுக்கு நேர் விமானம் இல்லை, டோஹா அல்லது டுபாயில் மாறிப் போவதுதான் வசதி.

மட்ரிட்டிலிருந்து இரண்டு வழி. ஊருக்கு ரயில் கிடையாது, பஸ் உண்டு. மெட்ரோவில் 6ஆம் இலக்கப் பாதையில் மென்தெஸ் அல்வாரோவில் இறங்கினால் தெற்கு பஸ் நிலையம், அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். வார இறுதியில் பஸ் குறைவு, ஆகவே போகும்போதே திரும்பி வரும் நேரத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார் எடுக்கிறவர்கள் ஏ-4 நெடுஞ்சாலையில் மத்ரிதெஹோஸ் வரைக்கும் வந்து மேற்கே திரும்பினால் சில நிமிடங்களில் ஊர். புறப்படும் முன் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள், கொழும்பில் சிலோன் ஆட்டோமொபைல் அசோசியேஷனில் எடுக்கலாம். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், வாடகைக் கார்களில் பாதிக்கு மேல் கியர் வண்டிகள், இரண்டும் சேர்ந்தால் முதல் ஒரு மணித்தியாலம் கை தடுமாறும். விமானம் இறங்கிய அன்றே ஓட்டாமல் ஒரு இரவு மட்ரிட்டில் தூங்கி எழும்பிப் போவது நல்லது.

சரி, ஊருக்கு வந்தாயிற்று. இனி ஊரின் நேரத்துக்கு உங்கள் வயிற்றைப் பழக்க வேண்டும். நான் முதல் தடவை போய் இறங்கியது பின்னேரம் நாலரை. தெருவில் ஒரு மனிதர் இல்லை, எல்லா வீட்டிலும் ஜன்னல் மறைப்பு இறக்கியிருந்தது, கடையெல்லாம் பூட்டு, ஏதோ கலவரமா என்றுகூட மனம் ஒரு கணம் பதறியது, நம் ஊரில் அப்படித் தெரு வெறிச்சோடினால் அதற்கு வேறு அர்த்தம் அல்லவா. அங்கே அது வெறும் மதியம். கடைகள் பகல் இரண்டு மணி அளவில் மூடி ஐந்து ஐந்தரைக்குத் திறக்கும். பகல் சாப்பாடு 2 முதல் 4 வரை, அதற்குப் பிறகு சமையலறையை மூடிவிட்டால் கெஞ்சினாலும் கிடைக்காது. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன் கிடையாது. ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்கள் பகல் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னேரத்துக்கு பிஸ்கட், பழம் கையில் இருக்கட்டும்.

"பார்" என்று பலகை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நம் பெண்கள் உள்ளே போகத் தயங்குவார்கள், என் அக்காவும் அப்படித்தான் வெளியிலேயே நின்றார். ஸ்பெயினில் பார் என்றால் நம் தேத்தண்ணீர்க் கடை மாதிரி. காலையில் வயதான அம்மாக்கள் பால் கோப்பியும் தக்காளி தடவிய டோஸ்ட்டும் சாப்பிடுகிற இடம், பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் வருகிற இடம். தைரியமாகப் போங்கள். உள்ளே நுழையும்போது பொதுவாக எல்லோரையும் பார்த்து "புவெனஸ் தியாஸ்" சொல்ல வேண்டும், பின்னேரம் என்றால் "புவெனஸ் தார்தெஸ்". சின்ன ஊர்களில் அதைச் சொல்லாமல் நுழைவது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்குச் சமம்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் தயாராகப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே பலருக்கு ஹமோன், அதாவது உலர்த்திய பன்றித்தொடை, இறைச்சிக் கணக்கிலேயே வராது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சூப்பில் அதைத் துண்டு துண்டாகப் போட்டுக் கொண்டுவருவார்கள், சலட்டில் டூனா மீன் இருக்கும். "சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்" என்று மூன்றையும் சொல்லுங்கள், முடிந்தால் பேப்பரில் எழுதிக் காட்டுங்கள். இஸ்லாமிய நண்பர்களுக்கும் இதே எச்சரிக்கை, ஹலால் கடையை அந்த ஊரில் எதிர்பார்க்க முடியாது. நம் நாக்குக்கு ஒத்துவருவது பிஸ்தோ: தக்காளி, கறிமிளகாய், சீமைச் சுரைக்காய் எல்லாம் எண்ணெயில் வதங்கி வதங்கிக் குழைந்து வரும், மேலே ஒரு முட்டை பொரித்து வைப்பார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடலாம். உருளைக்கிழங்கு முட்டைத் தோர்த்தியா எங்கும் கிடைக்கும். மான்செகோ பாலாடைக்கட்டி செம்மறிப் பாலில் செய்வது, பழையதாகப் பார்த்து வாங்குங்கள், மணல் மாதிரி உதிரும். உறைப்பு மட்டும் எதிர்பார்க்காதீர்கள், ஒரு சின்னப் போத்தல் கட்டைத் தூள் கொண்டுபோனால் மூன்றாம் நாள் நன்றி சொல்வீர்கள்.

குன்றுக்கு நடந்தே ஏறுங்கள், ஊரிலிருந்து அரை மணித்தியாலம் கூடப் பிடிக்காது. சூரியன் மறைய ஒரு மணித்தியாலம் முன்பு போனால் போதும், ஆனால் காற்றுக்கு ஒரு ஜாக்கெட் எடுங்கள், மேலே நின்றால் சேலை, தாவணி எல்லாம் பறக்கும். காற்றாலைகள் சிலவற்றுக்குச் செர்வாந்தெஸின் டான் குயிக்சோட் கதையில் வருகிற பெயர்களை வைத்திருக்கிறார்கள்: சாஞ்சோ, ருசியோ, கிளாவிலேன்யோ, மம்பிரீனோ. பொலெரோ என்கிற காற்றாலையில் சுற்றுலா அலுவலகம் இருக்கிறது, முதலில் அங்கே போய் எந்தெந்த ஆலைக்குள் அன்று போகலாம் என்று கேளுங்கள். சாஞ்சோவில் பழைய இயந்திரம் அப்படியே இருக்கிறது, திருவிழாவில் அதில்தான் கோதுமை அரைத்துக் காட்டுவார்கள்.

உள்ளே போனால் அவசரப்பட வேண்டாம். வளைந்து ஏறும் குறுகிய படி, தலை இடிக்கும். மேல் தளத்தில் பெரிய பல்சக்கரம், முழுக்க மரம், ஒரு பல் போனால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி வேறு செருகலாம். சுவரைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். வெளிச்சத்துக்கு என்று நினைத்தேன், அது காற்றுப் பார்க்க. ஆலைக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து எந்தப் பக்கத்துக் காற்று என்று தெரிந்துகொள்வார், ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர், கிழக்கிலிருந்து வருவது சொலானோ. நம் மீனவர்கள் வாடை, கச்சான், சோழகம் என்று பிரிக்கிற மாதிரியேதான். பிறகு வெளியே போய், கூரையிலிருந்து பின்பக்கம் நிலம் வரை நீண்டிருக்கும் ஒரு பெரிய மரத்தைத் தள்ளி, தொப்பியைத் திருப்புவது போல ஆலையின் தலையையே காற்றுக்கு நேராகத் திருப்புவார். அந்த மரத்தைக் கட்டிப்போட நட்ட கற்கள் இன்றும் ஆலையைச் சுற்றி நிற்கின்றன, பலர் அதன்மேல் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள், என்னவென்று தெரியாமலே.

கோட்டை 1183இல் சென் ஜோன் வீரத்துறவிகள் சபையின் கைக்கு வந்தது, நெப்போலியன் காலத்துச் சண்டையில் நிறையச் சேதமானது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியிருக்கிறார்கள். கீழே ஊருக்குள் வந்தால் அமர்கியோ என்கிற ஆறு. ஆறு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம் தெருவோரக் கானைவிடக் கொஞ்சம் அகலம், தண்ணீர் இருந்தால் கணுக்கால் அளவு. 1891 செப்டம்பர் 11ஆம் திகதி இரவு இதே ஆறு பெருகி 359 பேரைக் கொண்டுபோனது. களனிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு ஆறு ஒரே இரவில் எப்படி மாறும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சின்னப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள்.

இனிக் குங்குமப்பூ. இதற்காகத்தானே போகிறோம். கிழங்கைக் கோடையில் நட்டுவிடுவார்கள், ஒக்டோபரில் ஒரு காலையில் வெறும் மண்ணிலிருந்து ஊதாப் பூ தலை நீட்டும். அந்தப் பூவை அவர்கள் "ரோசா" என்றுதான் சொல்கிறார்கள். விடியலில், இதழ் விரிவதற்கு முன், இடுப்பை மடித்துக் குனிந்து பறிக்க வேண்டும், வெயில் ஏறினால் வாடிவிடும். வயலுக்குள் நீங்களாக இறங்காதீர்கள். மிதித்தால் ஒரு குடும்பத்தின் காசு. தங்கும் இடத்தில் முதல் நாளே சொல்லி வையுங்கள், யாராவது ஒரு உறவினர் வயலுக்கு அழைத்துப் போவார்கள், அல்லது சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள்.

வயலைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது. பறித்த பூவை அன்றன்றே உரித்தாக வேண்டும், அதற்கு மோந்தா என்று பெயர். நான் பார்த்த வீட்டில் நீளமான மேசையில் பூவைக் குவித்து, அம்மம்மா, மருமகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் என்று சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இடது கையால் பூவின் காம்பைப் பிடித்து நகத்தால் கிள்ளி, வலது கையால் மூன்று சிவப்பு இழைகளையும் ஒன்றாக இழுத்து ஒரு தட்டில் போடுகிறார்கள், மஞ்சள் மகரந்தத் தாள் ஒன்றுகூட அதில் சேரக்கூடாது. கண் பூவில் இல்லை, வாய் ஊர்க்கதையில், கை மட்டும் ஓடுகிறது. கொட்டாஞ்சேனையில் கோயில் வாசலில் மாலை கட்டும் அம்மாக்களின் விரலைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும். எனக்கும் இடம் தந்தார்கள், ஒரு மணித்தியாலத்தில் நான் உரித்தது தேத்தண்ணீர்க் கரண்டி ஒன்றுக்குக் கொஞ்சம் மேல், விரல் நுனி முழுக்க மஞ்சள். ஒரு கிராமுக்கு 150 பூ அளவில் வேண்டும் என்று சொன்னார்கள், அப்போதுதான் விலை ஏன் அப்படி என்று கைக்கே புரிந்தது. உரித்த இழையைச் சல்லடையில் பரப்பி மெல்லிய சூட்டில் வாட்டுவார்கள், ஐந்து பங்கு ஒரு பங்காகச் சுருங்கும். வெயிலில் உலர்த்தாமல் இப்படி வாட்டுவதுதான் லா மாஞ்சாக் குங்குமப்பூவின் தனித்தன்மை. வாட்டும்போது அந்தத் தெருவே மணக்கும். இப்படி ஒரு மேசையில் உட்காரச் சொன்னால் கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள், போனைக் கேட்டுவிட்டு எடுங்கள், காசு கொடுக்க முயலாதீர்கள். நான் கொண்டுபோன இலங்கைத் தேயிலைப் பக்கெட்டைக் கொடுத்தேன், உடனே தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டார்கள்.

நேரம் இருந்தால் பக்கத்து ஊரான மத்ரிதெஹோஸுக்கும் ஒரு அரை நாள் போய் வரலாம். பழைய துறவி மடத்தில் குங்குமப்பூ அருங்காட்சியகம் இருக்கிறது, ஏழைக் கூலி விவசாயிகள் நிலத்தைக் குடைந்து வாழ்ந்த நிலத்தடி வீடுகளையும் பார்க்கலாம், சுண்ணாம்பு அடித்த அந்த அறைகளுக்குள் வெயில் நாளிலும் குளிர்ச்சி. நவம்பர் 1 வரை தங்க முடிந்தவர்கள் தங்குங்கள். அன்று சகல புனிதர் திருநாள், விடுமுறை. மட்ரிட்டுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் எல்லாம் வந்து குடும்பமாகக் கல்லறையைக் கழுவிச் செவ்வந்திப் பூ வைப்பார்கள், மாதம்பிட்டியில் மறுநாள் நாம் பார்க்கிற அதே காட்சி.

வாங்குவதென்றால் தூள் வாங்காதீர்கள், இழையாகவே வாங்குங்கள். பெட்டியில் "அசஃப்ரான் தே லா மாஞ்சா" என்ற பாதுகாக்கப்பட்ட பெயரும், இலக்கமிட்ட முத்திரையும், அறுவடை ஆண்டும் இருக்க வேண்டும். சந்தையில் அளந்து மடித்துக் கொடுப்பதற்கு அந்த முத்திரை கிடையாது. வீட்டுக்கு வந்து சந்தேகம் வந்தால் இரண்டு இழையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நல்லதென்றால் நிறம் மெதுவாக, மஞ்சளாக இறங்கும், இழை சிவப்பாகவே நிற்கும். உடனே தண்ணீர் சிவந்தால் சாயம். பாயாசத்துக்கோ புரியாணிக்கோ அப்படியே தூவாமல், பத்துப் பன்னிரண்டு இழையைக் கையால் நொறுக்கி, இளஞ்சூட்டுப் பாலில் இருபது நிமிடம் மூடி வையுங்கள், அடுப்பை அணைக்கிற நேரத்தில் பாலோடு ஊற்றுங்கள். மிச்சத்தை மூடியிறுக்கி இருட்டான அலுமாரியில் வையுங்கள், கொழும்புக் காற்றின் ஈரம் அதற்கு ஆகாது.